கிராஃப்ட் பீரும் வீட்டில் காய்ச்சிய ஏலும்: ருசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக வீட்டில் சிறிய அளவில் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி வருகிறேன். நண்பர்களோடு உட்கார்ந்து ஒரே பாட்டிலை நான்கு கிளாஸில் பங்கிட்டு ருசிப்பதும் உண்டு. புதிதாக வந்து சேர்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். என்னுடைய நம்பிக்கை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: பீரில் நாக்குக்கும் மூக்குக்கும் தட்டுப்படும் ஒவ்வொன்றுக்கும் அதைக் காய்ச்சிய விதத்தில் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரியத் தெரிய, ருசிப்பதும் கூடிக்கொண்டே போகிறது.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன?

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. பெரிய நிறுவனங்களின் பிடியில் இல்லாத, அளவில் சிறிய ஆலைகள் சுவையை முன்னிறுத்திக் காய்ச்சும் பீர் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பழைய ஏல் வகைகள் மறைந்துவிடக் கூடாது என்று 1971-ல் காம்ரா இயக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் 1965-ல் ஃபிரிட்ஸ் மேட்டாக் மூடப்படவிருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையைக் காப்பாற்றினார். 1976-ல் ஜாக் மெக்காலிஃப் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கினார். அது சில வருடங்களே ஓடியது. ஆனால் அதைப் பார்த்துக் கிளம்பியவர்கள் நிறைய.

லேபிளில் ‘கிராஃப்ட்’ என்று அச்சிட்டிருப்பதாலேயே பீர் நன்றாக இருந்துவிடாது. பெரிய ஆலைகளின் வெளிர் லாகரை மட்டமாகப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஒளிந்துகொள்ள வேறு சுவையே இல்லாத ஒரு பீரை ஒவ்வொரு தடவையும் பிசகாமல் ஒரே மாதிரி கொண்டுவருவது கடினமான வேலை. வீட்டில் லாகர் காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஏலுக்கும் லாகருக்கும் என்ன வித்தியாசம்?

ஈஸ்ட்தான். ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேலை செய்யும். சில நாட்களில் நொதித்தலை முடித்துவிடும். அந்த வேகத்தில் பழ வாசனைகளையும் உண்டாக்கும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் நிதானமாக நொதிக்கும். அப்புறம் பூஜ்ஜியத்துக்கு அருகில் பல வாரம் குளிரில் கிடந்து தெளியும். அதனால்தான் லாகரில் பழ வாசனை அடங்கி, தானியத்தின் சுவையும், கசப்புக்காகவும் மணத்துக்காகவும் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கொடிப் பூவின் கசப்பும் துலக்கமாகத் தெரிகின்றன.

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மனியின் கொல்ன் நகரத்து கோல்ஷ் பொன்னிறமானது, ஆனால் ஏல் ஈஸ்டில் நொதிப்பது. அதே நாட்டின் ஷ்வார்ட்ஸ்பியர் கறுப்பு, ஆனால் லாகர்.

எனக்குப் பீர் என்றாலே கசப்புதான். எதிலிருந்து தொடங்கலாம்?

ஜெர்மானிய கோதுமை பீரிலிருந்து. ஹெஃபெவைசன் என்று கேளுங்கள். கசப்பு மிகக் குறைவு. வாழைப்பழமும் கிராம்பும் போல மணக்கும், ஆனால் இரண்டுமே அதில் போடப்படுவதில்லை. வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரிலிருந்தும், கிராம்பு மணம் ஒரு ஃபீனாலிலிருந்தும் வருகின்றன. இரண்டையும் உண்டாக்குவது அந்த ஈஸ்ட். ‘ஈஸ்ட் சுவை தரும்’ என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பீர் எனக்குத் தெரியாது.

அடுத்து, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேரும் பெல்ஜிய விட்பியர். பிறகு பிரவுன் ஏல். அதற்குப் பிறகு பேல் ஏல். டபுள் ஐ.பி.ஏ.வில் (‘இந்தியா பேல் ஏல்’ என்பதன் கனத்த, கசப்பு மிகுந்த வகை) தொடங்க வேண்டாம். கசப்பை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது உடம்பின் இயல்பு, பழகினால்தான் பிடிக்கும். காபியும் முதல் நாளில் யாருக்கும் இனித்ததில்லை.

ருசிப்பதற்கு முறை என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, கஷ்டமானது இல்லை. அவசரப்படாமல் இருந்தால் போதும்.

ஊற்றியவுடன் குடிக்காதீர்கள், முதலில் முகருங்கள். சில வாசனைகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் பறந்துவிடும். குறிப்பாக ஹாப்ஸின் மென்மையான மணமும், சில லாகர்களில் முதலில் எழும் லேசான கந்தக வாடையும் அப்படித்தான். நீளமாக இழுத்து முகர்வதைவிட, இரண்டு மூன்று முறை சின்னச் சின்னதாக உறிஞ்சி முகர்வது நல்லது. எதுவும் எழவில்லை என்றால் கிளாஸை உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை எடுத்துவிட்டு மறுபடி முகருங்கள்.

பிறகு ஒரு வாய். நாக்கு முழுக்கப் பரவும் அளவுக்கு எடுத்துக்கொண்டு, ஒரு கணம் வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். முக்கியமான இடம் இதுதான். வாயிலிருந்து தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கை அடையும் வாசனைதான் நாம் ‘சுவை’ என்று சொல்வதில் பெரும்பகுதி. சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கசப்பும் இனிப்பும் புளிப்பும் தெரியும், வேறொன்றும் தெரியாது. இப்போது மூக்கை விடுங்கள். ஆரஞ்சுத் தோலோ ரொட்டியோ பைன் மரமோ அந்த நொடியில் வந்து சேரும். இதைச் செய்து பார்த்து ஆச்சரியப்படாத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் வரைபடம் போட்டிருப்பார்களே, அதை மறந்துவிடுங்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

மூன்றாவதாக, வாய்க்குள் அது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் போல ஓடுகிறதா, கனமாகப் படிகிறதா? வாயு குத்துகிறதா, மெத்தென்று இருக்கிறதா? விழுங்கிய பின் என்ன மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது?

உலகம் முழுக்க வீட்டுப் பீர்ப் போட்டிகளில் பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாள் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். கலங்கலாக இருக்கிறதே என்று ஒரு பீரை ஒதுக்கும் முன் அந்த மூன்றை நினைத்துக்கொள்ளலாம்.

வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறேன். மற்றவர்கள் சொல்வதெல்லாம் எனக்குத் தெரியவில்லையே?

மனதில் முதலில் எழும் வார்த்தையைச் சொல்லுங்கள், அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி. என் நண்பர் ஒருவர் ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர் ஒன்றை முகர்ந்துவிட்டு ‘பென்சில் சீவின வாசனை’ என்றார். அந்தப் பீர் ஓக் பீப்பாயில் முதிர்ந்தது என்று பாட்டிலைத் திருப்பிப் படித்தபோது தெரிந்தது. அவர் மூக்கு சரியாகவே மரத்தைப் பிடித்திருக்கிறது. வாசனைகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, சமையலறையில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்ப்பது பலன் தரும்.

எவ்வளவு குளிராகக் குடிப்பது?

நீங்கள் பழகியதைவிடச் சற்றுக் குறைந்த குளிரில். கடுங்குளிர் வாசனையை அமுக்கிவிடும், நாக்கையும் மரக்க வைக்கும். வெளிர் லாகர் 4 முதல் 7 டிகிரி. பேல் ஏல், ஐ.பி.ஏ. 7 முதல் 10. இங்கிலீஷ் பிட்டர், ஸ்டவுட் 10 முதல் 13. பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட் போன்ற கனத்த வகைகள் 12 முதல் 15 வரை தாங்கும்.

தெர்மாமீட்டரோடு உட்கார வேண்டியதில்லை. கனத்த பீரைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். கிளாஸில் கால் பங்கை மிச்சம் வைத்துக் கடைசியில் மறுபடி முகர்ந்து பாருங்கள். குளிரில் வெறும் கசப்பாக இருந்த இம்பீரியல் ஸ்டவுட் அந்தக் கடைசிக் கால் பங்கில் உலர்ந்த திராட்சை, சாக்லேட் என்று திறந்துகொள்வதைப் பார்க்கலாம்.

பாட்டிலோடு குடித்தால் என்ன குறை?

மூக்குக்கு வேலை இருக்காது. சாய்ந்த விளிம்புள்ள ட்யூலிப் கிளாஸ் ஒன்று இருந்தால் ஏறக்குறைய எல்லா வகைக்கும் போதும், வைன் கிளாஸும் நன்றாகவே பயன்படும். ஃபிரீசரில் வைத்த கிளாஸ் வேண்டாம். அதில் படிந்த பனி உருகிப் பீரில் கலக்கும்.

கிளாஸ் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசையும் சோப்பின் மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சோதனை: கிளாஸை நனைத்து, உள்ளே உப்பைத் தூவுங்கள். சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத் திட்டாக விட்டுப்போனால் மறுபடி கழுவுங்கள்.

நுரை இல்லாமல் ஊற்றுவதுதானே திறமை?

இல்லை. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்து கட்டுவதுதான் நுரை. வாசனையை மேலே தூக்கி வருவது அது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி வரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் நுரை நிற்கட்டும். ஊற்றும்போது கொஞ்சம் வாயு வெளியேறுவதால் வயிறும் உப்பாது.

லேபிளில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

ஏ.பி.வி. என்பது கனஅளவில் ஆல்கஹால் சதவீதம். வீட்டில் காய்ச்சுபவர்கள் ஹைட்ரோமீட்டரை வைத்து அதைக் கணக்கிடுவார்கள்: நொதிக்கும் முன் இருந்த அடர்த்தியிலிருந்து முடிந்த பின் உள்ள அடர்த்தியைக் கழித்து 131.25-ஆல் பெருக்க வேண்டும். 1.050-ல் தொடங்கி 1.010-ல் முடிந்தால் 5.25 சதவீதம்.

ஐ.பி.யு. கசப்பின் அளவு. ஒரு லிட்டரில் ஹாப்ஸின் கசப்புப் பொருளான ஐசோ ஆல்ஃபா அமிலம் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது ஏறக்குறைய ஒரு ஐ.பி.யு. இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 40 ஐ.பி.யு. உள்ள பில்ஸ்னர் என்ற வெளிர் லாகர் சுரீரென்று கசக்கும். அதே 40 இனிப்பு மிஞ்சிய ஒரு கனத்த ஏலில் இருந்தால் கசப்பு இருப்பதே தெரியாது. நாக்கு பார்ப்பது இனிப்புக்கும் கசப்புக்கும் இடையிலுள்ள இழுபறியை.

கறுப்புப் பீர் என்றால் போதை அதிகமா?

நிறம் வறுத்த மால்ட்டிலிருந்து வருகிறது, மொத்தத் தானியத்தில் சிறு பங்கு போதும். 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு கறுப்பு நிறம் கொண்டுவருவது சுலபமாகிவிட்டது. அயர்லாந்து பாணி டிரை ஸ்டவுட் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம்தான். பொன்னிறத்தில் பளபளக்கும் பெல்ஜிய டிரிப்பல் 8, 9 என்று போகும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது டிரிப்பலிடம்தான்.

ஐ.பி.ஏ.வில் ‘இந்தியா’ எப்படி வந்தது?

கப்பலில் வந்தது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்கே, போ என்ற இடத்தில் இருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் பேல் ஏல் அனுப்பி வந்தது. 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆலைகள் அந்த வியாபாரத்தில் நுழைந்தன. பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது கசப்பைச் சுத்தமாகவும் கூர்மையாகவும் காட்டும். இன்றும் வீட்டில் ஐ.பி.ஏ. காய்ச்சுபவர்கள் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்ப்பது அதனால்தான்.

இந்தியப் பயணத்துக்கென்றே ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்த பீர் இது என்ற கதையை நம்ப வேண்டியதில்லை. ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்த்த வெளிர் ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. அதே கப்பல்களில் போர்ட்டர் என்ற கறுப்புப் பீரும் சென்றது.

இன்றைய ஐ.பி.ஏ.வின் எலுமிச்சை, மாம்பழ மணம் அந்தக் காலத்தது அல்ல. 1972-ல் வெளியான கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ் தொடங்கிவைத்த பாதை அது. சியரா நெவாடா ஆலையின் பேல் ஏல் அந்த மணத்தை ஊரறியச் செய்தது. சிட்ரா, மொசைக் என்ற ஹாப்ஸ் வகைகளெல்லாம் அதே பாதையில் பின்னால் வந்தவை.

பாட்டில் அடியில் மண்டி இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பாட்டிலுக்குள்ளேயே நொதித்து வாயு பிடித்த பீரில் ஈஸ்ட் அடியில் படிந்திருக்கும். வீட்டு ஏல் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். பாட்டிலை நிமிர்த்தி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடுங்கள். ஹெஃபெவைசனில் மட்டும் இதற்கு நேர்மாறு: கடைசியில் பாட்டிலைச் சுழற்றி மண்டியையும் சேர்த்து ஊற்ற வேண்டும்.

ஏதோ ஒரு வாடை வருகிறது. என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒவ்வொரு வாடையும் காய்ச்சும்போது நடந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

வெண்ணெய் வாசனை என்றால் டைஅசிட்டைல். எந்த நொதித்தலிலும் இது உண்டாகும், பிறகு ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கு அவகாசம் கொடுக்காமல் அவசரமாகக் குளிரவைத்தாலோ பாட்டிலில் அடைத்தாலோ தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு. இதுவும் பெரும்பாலும் அவசரத்தின் பிள்ளை. இரண்டு வாரம் பொறுத்திருந்தால் போயிருக்கும்.

வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால், கொதிக்கும்போது பாத்திரத்தை மூடி வைத்தீர்களா என்று கேளுங்கள். வெளிர் மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்பைடு ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் திரும்ப உள்ளேயே சொட்டும்.

ஈர அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜனால் வருவது. பாட்டிலில் அடைக்கும்போது சளசளவென்று ஊற்றியிருப்பார்கள், அல்லது பீர் பழையதாக இருக்கும். வினிகர் என்றால் பாக்டீரியாவும் காற்றும் சேர்ந்து நுழைந்திருக்கின்றன.

ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் என்று சொல்வார்களே, அது வெளிச்சத்தின் வேலை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகிறது. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். பழுப்பு பாட்டில் நன்றாகத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. ஒரே பீரை இரண்டு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, ஒன்றை அறைக்குள்ளும் மற்றொன்றைக் கால் மணி நேரம் நல்ல வெயிலிலும் வைத்து முகர்ந்து பாருங்கள். அப்புறம் அந்த வாடையை எங்கே சந்தித்தாலும் அடையாளம் தெரியும்.

என்னை நெடுநாள் அலைக்கழித்தது பிளாஸ்திரி வாடை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது போல இருக்கும். தொடர்ந்து மூன்று தடவை வந்தது. ஈஸ்ட்டை மாற்றினேன், பாத்திரத்தை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் குற்றவாளி குழாய்த் தண்ணீர். அதிலிருந்த குளோரின் ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனாலாகிறது. தண்ணீரில் முன்கூட்டியே மிகச் சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலந்தேன். அதோடு நின்றது. வெறுமனே கொதிக்கவைத்தால் குளோரின் போகும், ஆனால் சில ஊர்களில் குளோரமின் சேர்ப்பார்கள். அது அவ்வளவு எளிதில் போகாது.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்த வாடை, எந்தப் பீரில் என்பதும் முக்கியம். ஹெஃபெவைசனில் வாழைப்பழம் பெருமை. பேல் ஏலில் அதே வாழைப்பழம் வந்தால் நொதித்த அறை சூடாக இருந்திருக்கிறது.

புளிப்புப் பீர் கெட்டுப்போன பீர் இல்லையா?

வேண்டுமென்றே புளிக்கவைத்தது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியின் லாம்பிக், ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் அகலமான தட்டையான தொட்டியில் இரவுக் காற்றில் ஆறவிட்டு, காற்றிலும் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களால் நொதிப்பது. வருடக்கணக்கில் மரப்பீப்பாயில் இருக்கும். இளையதையும் முதியதையும் கலந்தால் குஸ். முதல் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வாயில் நாக்குக்கு அதிர்ச்சி மட்டுமே தெரியும், மூன்றாவது வாயில்தான் ருசி தொடங்கும்.

நண்பர் தான் காய்ச்சிய ஏலைக் கொடுக்கிறார். நன்றாக இல்லை. என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள். ‘நல்லா இல்லை’ என்றால் அவருக்கு வருத்தம் மட்டுமே மிஞ்சும். ‘சூப்பர்’ என்றால் அடுத்த தடவையும் அதே தவறைச் செய்வார். ‘மூக்கில் வெண்ணெய் மாதிரி வருதுங்க, எத்தனை நாள் நொதிக்க விட்டீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே காய்ச்சிய விதத்துக்குப் போய்விடும். அவருக்கும் அதுதான் வேண்டும். நன்றாக இருப்பதையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள்: நுரை நிற்கிறது, கசப்பு சுத்தமாக முடிகிறது, இப்படி.

காய்ச்சியவருக்கும் ஒரு வேண்டுகோள். கிளாஸை நீட்டும்போதே ‘இந்தத் தடவை கொஞ்சம் சொதப்பிடுச்சு’ என்று சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் குடிப்பவர் அந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடித்தே தீருவார். நான் எதுவும் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். இரண்டாவது கிளாஸ் கேட்கிறாரா என்பதைவிட நேர்மையான விமர்சனம் கிடையாது.

இரண்டு ஈஸ்ட், இரண்டு ஹாப்ஸ் என்று மாற்றிக் காய்ச்சியதில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா என்று அறிய முக்கோணச் சோதனை செய்யலாம். மூன்று கிளாஸ்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும். அதனால் ஓரிருவர் சொன்னதை வைத்து முடிவுக்கு வர முடியாது. சின்ன மாதிரிகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு அடிப்படையான பதிலைத் தந்தவர் டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். புள்ளியியல் படித்த எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

நானே ஒரு ஏல் காய்ச்ச வேண்டும். எளிய வழி?

5 லிட்டரில் தொடங்குங்கள், வீட்டு அடுப்பே போதும். வெளிர் மால்ட் சாற்றுத் தூள் 700 கிராம், கேஸ்கேட் ஹாப்ஸ் 24 கிராம், உலர்ந்த ஏல் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலத்தில் பாதி. ஆறரை லிட்டர் தண்ணீரில் தூளைக் கட்டி தட்டாமல் கரைத்து ஒரு மணி நேரம் மூடாமல் கொதிக்கவிடுங்கள். ஹாப்ஸ் 8 கிராம் தொடக்கத்தில், 8 கிராம் கடைசிப் பத்து நிமிடத்தில், 8 கிராம் அடுப்பை அணைத்ததும். முதலில் போட்டது கசப்பு தரும், கடைசியில் போட்டது மணம் தரும். நேரம்தான் இரண்டையும் பிரிக்கிறது.

பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குச் சீக்கிரம் ஆறவையுங்கள். ஆறிய பிறகு அதைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். கழுவியிருப்பது போதாது. ஈஸ்ட்டைத் தூவி, வாயு வெளியேறும் பூட்டு மாட்டிய மூடியால் மூடி, 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம். அறை சூடாக இருந்தால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துணி சுற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் நார்வேயின் பண்ணை வீடுகளில் வழிவழியாக வந்த க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள், அது 30 டிகிரிக்கு மேலும் பதறாமல் வேலை செய்யும்.

பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, கொதிக்கவைத்துக் கரைத்துச் சேருங்கள். இன்னும் இரண்டு மூன்று வாரம் அறை வெப்பத்தில் வைத்தால் வாயு பிடித்துவிடும். முதல் பாட்டிலை ஒரு வாரத்திலேயே திறப்பீர்கள், எல்லோரும் திறப்போம். அதன் சுவையை எழுதிவைத்து, நான்காவது வாரத்தில் திறப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாட்டில் வெடிக்குமா? வீட்டுப் பீர் விஷமாகுமா?

வெடிக்கும். நொதித்தல் முடியும் முன் அடைத்தாலும், சர்க்கரை கூடிவிட்டாலும் கண்ணாடி சிதறும். இதில் விளையாட்டு வேண்டாம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடையுங்கள். அழுத்தம் தாங்கும் பீர் பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள்.

விஷம் பற்றிய பயம் பெரும்பாலும் மெத்தனால் பற்றியது. மால்ட்டிலிருந்து வரும் பீரில் அது ஆபத்தான அளவில் உண்டாவதில்லை. நொதித்த பீரின் ஆல்கஹால், அமிலத்தன்மை, ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடாது. மேலே பூஞ்சை படர்ந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு விஷயம். அதை வீட்டில் செய்யக் கூடாது.

சட்டம் அனுமதிக்கிறதா?

இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் 1963-ல்தான் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி நீங்கியது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டாட்சி அளவில் வழிவிட்டது. தடை உள்ள இடங்களும் இருக்கின்றன. பாத்திரம் வாங்கும் முன் உங்கள் பகுதியின் சட்டத்தைப் பாருங்கள்.

வாங்கியதை எவ்வளவு நாள் வைக்கலாம்?

ஐ.பி.ஏ.வை வைக்காதீர்கள். ஹாப்ஸின் மணம் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும். அடைத்த தேதியைப் பார்த்து வாங்கி, குளிரில் வைத்து, சீக்கிரம் குடித்துவிடுங்கள். 8, 9 சதவீதத்துக்கு மேற்பட்ட பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட் போன்றவை இருட்டான, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தால் வருடங்கள் தாங்கும். இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றை இப்போதும் ஒன்றை அடுத்த வருடமும் திறப்பது என் வழக்கம்.

ஒரே நாளில் எத்தனை ருசிக்கலாம்?

ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஒவ்வொன்றும் 60 முதல் 90 மில்லிலிட்டர். இலகுவானதிலிருந்து கனமானதுக்கு, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதுக்குப் போங்கள். நடுவில் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. அதற்கு மேல் போனால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். சின்னச் சின்னக் கிளாஸ் என்றாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். வண்டி ஓட்டுபவர் அன்று முகர்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். கர்ப்பிணிகளும் ஆல்கஹாலோடு ஒத்துப்போகாத மருந்து எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

குறிப்பு எழுதி வைக்க வேண்டுமா?

நான்கு வரி போதும்: தேதி, பீரின் பெயர், மூக்கில் வந்தது, விழுங்கிய பின் மிஞ்சியது. நட்சத்திரம் போட வேண்டாம், அடுத்த வருடம் படித்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. என் நோட்டில் என் ஏழாவது பேல் ஏலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மூக்கில் திராட்சைப்பழத் தோல், கொஞ்சம் புல். கசப்பு சுத்தம், ஆனால் சீக்கிரம் ஓடிவிடுகிறது. வாய்க்குள் மெலிவு. அடுத்த தடவை மால்ட் 50 கிராம் கூட்டு.’ எட்டாவதில் கூட்டினேன். சரியாக வந்தது.